வார்டில் ஆள் இல்லை

அரசு ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தால் போதும், காசு வாங்கிய கதை ஒன்று கூடவே வந்துவிடும். ஸ்ட்ரெச்சர் தள்ள 50 ரூபாய், குழந்தை பிறந்த சேதி சொல்ல 500, பையன் என்றால் 1000, இறந்தவரைத் துணி சுற்றிக் கொடுக்க ஒரு தொகை. கதைகள் பொய்யில்லை. ஓய்வு பெறும்வரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். என் கண்ணெதிரே நடந்திருக்கிறது, தடுத்தும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கதையைச் சொல்கிற யாரும் ஒரு கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த ராத்திரி அந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ள மொத்தம் எத்தனை பேர் டியூட்டியில் இருந்தார்கள்?

நான் வேலை பார்த்த மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு டீன் அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். துப்புரவு, வார்டு உதவி, செக்யூரிட்டி எல்லாம் சேர்ந்து. முதல் கோரிக்கை சம்பளம் என்றுதான் வெளியில் பேச்சு. அவர்கள் கொடுத்த மனுவை வாங்கிப் படித்தேன். முதல் வரியே ஆள் போடுங்கள் என்பதுதான். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் வார்டுக்கு ஒருவராவது வேண்டும், டபுள் டியூட்டி பார்க்கச் சொல்லி மிரட்டக் கூடாது, வாராந்தர விடுமுறை வேண்டும். அதற்கப்புறம்தான் மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி, பி.எஃப். கணக்கு, அடையாள அட்டை எல்லாம் வந்தன. என் சொந்தக்காரர்கள் உட்பட ஊரில் பலர் சொன்னது ஒன்றுதான்: "நோயாளியைப் பணயம் வெச்சுப் போராடுறாங்க." அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆள் பற்றாக்குறை என்பது எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு இடத்தில் 24 மணி நேரமும் ஒருவர் நிற்க வேண்டும் என்றால் வாரத்துக்கு 21 ஷிஃப்டு. ஒருவர் வாரத்தில் 6 ஷிஃப்டு பார்ப்பார். ஆக ஓர் இடத்துக்கே மூன்றரை ஆள் வேண்டும். காய்ச்சல், பிரசவம், வீட்டில் சாவு, கோயில் திருவிழா என்று விடுப்பைச் சேர்த்தால் நான்குக்கு மேல் போய்விடும். "எங்களிடம் 100 பேர் இருக்கிறார்கள்" என்று நிர்வாகம் சொன்னால், எல்லோரும் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தால்கூட ஒரு ஷிஃப்டுக்கு 28 பேர்தான். காலையில் ரவுண்ட்ஸ், ஓபி, ஆபரேஷன் தியேட்டர் என்று வேலை குவிவதால் பாதிக்கு மேல் காலை ஷிஃப்டுக்கே போய்விடும். மிச்சத்தில் கொஞ்சம் பேர் மதியத்துக்கு. ராத்திரி பத்து மணிக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். அறிக்கையில் 100 என்ற எண் மட்டும் அப்படியே நிற்கும்.

சரி, ராத்திரியில் அப்படி என்ன வேலை என்று கேட்கலாம். விபத்தில் வந்தவரை சிடி ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ரிப்போர்ட்டுக்கு நின்று வாங்கி வர வேண்டும். பிளட் பேங்கிலிருந்து பை வர வேண்டும். பைப்லைன் இல்லாத வார்டில் ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்தால் உருட்டி வந்து, கீ போட்டுத் திறந்து மாட்ட வேண்டும். பெட் பான் வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். வாந்தி எடுத்த இடத்தை உடனே துடைக்க வேண்டும். யாராவது இறந்துவிட்டால் உடலைச் சுற்றி மார்ச்சுவரிக்குக் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டும். இத்தனையும் ஒரே நேரத்தில் வரும்.

எங்கள் பழைய கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். சாய்தளம் வழியாகத்தான் ஸ்ட்ரெச்சர் போகும். ஏற்றும்போது முன்னால் ஒருவர் இழுக்க வேண்டும், பின்னால் ஒருவர் தள்ள வேண்டும். இறக்கும்போதுதான் ஆபத்து அதிகம். முன்னால் நிற்பவர் நெஞ்சைக் கொடுத்துத் தாங்காவிட்டால் வண்டி தானாக ஓடிவிடும். இதைச் செய்ய எங்களிடம் ராத்திரியில் ஓர் அக்கா மட்டும்தான் இருந்தார், அதுவும் ஆண்கள் மெடிக்கல் வார்டுக்கும் பக்கத்து வார்டுக்கும் சேர்த்து. ஒரு தடவை பக்கவாதம் வந்தவரை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அக்கா பின்னால் தள்ளினார். முன்னால் நோயாளியின் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியைத் தாங்கினார். பதினோரு பன்னிரண்டு வயதுப் பையன் குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினான். கை வலித்து பாட்டிலைத் தாழ்த்தினால் ரத்தம் ட்யூபில் ஏறும், அதைப் பார்த்து அவன் மறுபடி கையை உயர்த்துவான். அவர்கள் திரும்பி வருவதற்குள் பக்கத்து வார்டில் ஒருவர் பாத்ரூம் போக எழுந்து கீழே விழுந்திருந்தார். ஏன் வரவில்லை என்று நான் அக்காவிடம் சத்தம் போடப் போனபோது அவர் சொன்னது: "ரெண்டு வார்டுக்கும் நான் ஒருத்திதான், சிஸ்டர். எங்க நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க, அங்க நிக்கிறேன்."

வார்டில் ஆள் குறையும்போது வேலை குறைவதில்லை. அந்த வேலை நோயாளியின் வீட்டார் தலையில் விழுகிறது. அரசு மருத்துவமனைகளில் படுக்கைக்குக் கீழே பாயை விரித்துப் படுத்திருக்கும் அத்தனை பேரும் பாசத்தால் மட்டும் அங்கே இருப்பதில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்த வார்டு ஒரு நாள்கூட ஓடாது. மருந்து வாங்குவது, ஸ்கேனுக்குத் தள்ளுவது, பெட் பான் வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவர்கள்தான். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த மனிதர்கள். தினமும் வருமானம் போகிறது. கூட ஆளில்லாத நோயாளியின் நிலைமையை எழுதவே மனம் வரவில்லை. யாருமில்லாத ஒரு பெரியவரின் முதுகுப் புண்ணை நான் எத்தனையோ முறை கழுவிக் கட்டியிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்திருந்தால் அந்தப் புண் வந்திருக்காது. புரட்ட இரண்டு பேர் வேண்டும்.

ஒரே ஆளின் உதவிக்கு ஐந்து நோயாளிகள் காத்திருந்தால் அங்கே விலை ஒன்று உண்டாகிவிடும். யாரை முதலில் தள்ளுவது என்பதற்கான விலை அது. காசு கேட்பதை நான் நியாயப்படுத்தவில்லை. ஏழையிடம் வாங்கும் ஐம்பது ரூபாய் அநியாயம்தான். ஆனால் வரிசை இருக்கும்வரை அந்த விலையும் இருக்கும். கேமரா வைத்தார்கள், "லஞ்சம் கொடுக்காதீர்" போர்டு வைத்தார்கள், பிடிபட்ட ஓரிருவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு ஆள் வரவே மாதங்கள் ஆனதால் அந்த வார்டில் வரிசை இன்னும் நீண்டதுதான் மிச்சம்.

இந்த நிலை எப்படி வந்தது? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வார்டு ஆயா, எம்.என்.ஓ. எனப்படும் ஆண் வார்டு உதவியாளர், துப்புரவுப் பணியாளர், சமையல்காரர், சலவையாளர் எல்லோரும் அரசு ஊழியர்கள். அவர்களிடமும் குறைகள் உண்டு, அடாவடி உண்டு. ஆனால் வார்டை அவர்களுக்குத் தெரியும். எந்த நோயாளிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டும் என்று புது டாக்டருக்கு முன்னால் எங்கள் ஆயாம்மாவுக்குத் தெரிந்துவிடும். 2001 கடைசியில் அரசுப் பணிக்கு ஆள் எடுப்பதைத் தமிழக அரசு நிறுத்தியது. தடை நீங்கியது 2006ல். அந்த இடைவெளியில் ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் அப்படியே கிடந்தன. தடை நீங்கிய பிறகும் கடைநிலைப் பணியிடங்கள் பழையபடி நிரம்பவே இல்லை. அடுத்து வந்தது டெண்டர். துப்புரவும் காவலும் தனியார் நிறுவனங்களிடம் போயின. 2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு கிண்டியில் 1000 படுக்கை உயர் சிறப்பு மருத்துவமனை வந்தது. எனக்கு உண்மையிலேயே பெருமைதான். விருதுநகர்க்காரருக்கும் நாகப்பட்டினத்துக்காரருக்கும் சொந்த ஊரிலேயே மருத்துவக் கல்லூரி வருவது சாதாரண விஷயமில்லை. ஆனால் புது பிளாக் திறக்கும்போது பழைய பிளாக்கிலிருந்துதான் ஆளை இழுப்பார்கள் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும்.

டெண்டரில் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. துப்புரவு வேலையில் செலவு என்றால் பெரும்பகுதி கூலிதான். அப்புறம் லாபம் எங்கிருந்து வரும்? ஆளைக் குறைத்தால் வரும், கூலியில் பிடித்தால் வரும். இது நம் ஊர் வயிற்றெரிச்சல் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 126 அரசு மருத்துவமனை நிர்வாகங்களின் 2010 முதல் 2014 வரையான தரவுகளை வைத்து 2017ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. துப்புரவை வெளி நிறுவனத்திடம் விட்ட மருத்துவமனைகளில் செலவு குறைந்திருந்தது. கூடவே படுக்கைக்கு இத்தனை துப்புரவாளர் என்ற விகிதமும் குறைந்திருந்தது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, பல மருந்துகளுக்கு அடங்காத கிருமியின் தொற்று அங்கே அதிகமாக இருந்தது. ஆபரேஷன் முடிந்த காயத்தில் அந்தக் கிருமி ஏறினால் என்ன ஆகும் என்று சர்ஜிகல் வார்டில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துப்புரவுப் பிரிவில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர், பெண்கள்தான் அதிகம். கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் பலர். வேறு சாதிக்காரர் யாராவது துப்புரவாளர் பட்டியலில் சேர்ந்தால் கொஞ்ச நாளில் ஓபி சீட்டு எழுதும் இடத்திலோ ஆபீஸிலோ உட்கார்ந்திருப்பார். அவர் பங்கு விளக்குமாறும் இந்தப் பெண்களிடம்தான் வரும். இதுவும் ஆள் பற்றாக்குறைதான். மருத்துவக் கழிவு விதிகள் 2016ன்படி கழிவைக் கையாள்பவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பிரித்துப் போட வேண்டிய நாங்களே அவசரத்தில் ஊசியைத் தப்பான பையில் போட்டுவிடுவோம். குத்துவது பையைத் தூக்கும் அக்காவின் கையில். புது ஆள் வந்த அன்றே பையைத் தூக்கச் சொல்வார்கள். தடுப்பூசி பற்றிக் கேட்டால், "காண்ட்ராக்ட்காரங்க பார்த்துப்பாங்க" என்பார்கள்.

டீன் அலுவலகத்தில் அன்று சொன்ன பதிலும் அதுதான்: "அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை." சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது மருத்துவமனை, கொடுத்தாக வேண்டும் என்று இருந்தது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையா, வழக்கமாக நேரடி ஊழியர்கள் செய்யும் வேலையா, முழுநேர ஆட்களை வைக்கும் அளவு வேலை இருக்கிறதா என்று பார்த்து ஒப்பந்த முறையைத் தடைசெய்யவும் அதில் இடம் இருந்தது. வார்டு துடைப்பது எந்த நாளில் நின்றிருக்கிறது? 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. கூலிப் பொறுப்பு அதிலும் இருக்கிறது. ஆனால் ஒரு நிறுவனத்தின் "முக்கியப் பணி" எது என்று சொல்லுமிடத்தில், துப்புரவு, கழிவகற்றல், காவல், சமையல், சலவை, ஆம்புலன்ஸ் ஆகியவை முக்கியப் பணியில் சேராது என்று வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்கள், அந்த வேலைக்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனமாக இருந்தாலொழிய. ஒரு பஞ்சாலைக்கு அது பொருந்தலாம். சுத்தமான படுக்கையும் கழுவிய தரையும் மருத்துவமனைக்கு முக்கியப் பணி இல்லை என்று எழுதியவர் ஒரு ராத்திரி லேபர் வார்டில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

நீதிமன்றங்களில் இந்தச் சண்டைக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் வார்டு பணியாளர்களாக இருந்த இரண்டு பெண்களை, குடிமைப்பொருள் துறையில் வேலை இழந்தவர்களுக்கு இடம் கொடுப்பதற்காக நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1960ல் ஜெயித்தது. மருத்துவமனையும் தொழில்தான், தொழில் தகராறுச் சட்டம் அங்கும் செல்லும் என்று தீர்ப்பு. 1970ல் அது மாறியது. 1978ல் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய பெங்களூர் குடிநீர் வாரியத் தீர்ப்பில், மருத்துவமனையும் தொழில்தான் என்பது மறுபடி வந்தது. சட்டப் புத்தகங்களில் அத்தனை இடம் பிடித்த வழக்கு இரண்டு ஆயாக்களிலிருந்து தொடங்கியது என்பதை எங்கள் வாயிற்கூட்டத்தில் ஒரு வழக்கறிஞர் சொன்னபோது, உட்கார்ந்திருந்த பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மறுபக்கமும் உண்டு. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் பேரைத் தமிழக அரசு ஒட்டுமொத்தமாக நீக்கியது. ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது. என் வயதுக்காரர்கள் அந்தப் பயத்தோடுதான் மிச்ச சர்வீஸை முடித்தோம். 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம், மத்திய நீர் ஆணையத்தில் பல ஆண்டுகள் தற்காலிகமாகத் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்து நீக்கப்பட்டவர்களைப் பணி நிரந்தரம் செய்யச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகலை எங்கள் ஊர்த் தொழிலாளர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்கள்.

இனி அந்தப் போராட்டத்துக்கு வருகிறேன். அவசர சிகிச்சை, ஐசியு, லேபர் வார்டு மூன்றுக்கும் ஆளை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வெளியே வந்தார்கள். யார் யார் உள்ளே போவது என்று சங்கமே ஒரு பட்டியல் போட்டிருந்தது. உள்ளே போனவர்கள் கையில் கறுப்புத் துணி. அந்தப் பட்டியலைப் பார்த்த ஒரு சிஸ்டர், சாதாரண நாளில்கூட ஐசியுவுக்கு இத்தனை ஆள் தர மாட்டார்கள் என்று என்னிடம் சொன்னார். மற்ற வார்டுகளில் நோயாளிகள் கஷ்டப்பட்டார்கள் என்பதை மறைக்க மாட்டேன். மதியத்துக்குள் குப்பைத் தொட்டிகள் நிரம்பின, கழிவறைகள் போக முடியாதபடி ஆயின. அதே வார்டுகளில் ஞாயிற்றுக்கிழமை மதிய ஷிஃப்டில் ஒன்றிரண்டு பேரை வைத்து ஓட்டும்போதும் ஏறக்குறைய இதே நிலைதான். அதற்கு யார் பொறுப்பு என்று எந்த ஞாயிற்றுக்கிழமையும் யாரும் கேட்டதில்லை.

கோட்டாட்சியர், தொழிலாளர் துறை அதிகாரி, நிறுவனத்தின் மேலாளர், சங்கத்தினர் உட்கார்ந்து பேசினார்கள். ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் சம்பளம், பி.எஃப். எண் எல்லோருக்கும், போராட்டத்தில் இருந்தவர்களைப் பழிவாங்கக் கூடாது என்பதெல்லாம் எழுத்தில் வந்தது. ஆள் விஷயத்துக்கு வந்ததும், "கூடுதல் பணியாளர்களுக்கு அரசுக்குக் கருத்துரு அனுப்பப்படும்" என்று ஒரே வரி. அவர்கள் வேலைக்குத் திரும்பிய மறுநாள் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். இப்போது மூன்று வார்டுகள் பார்க்கிறார், ஒருவர் லீவாம்.

அந்தக் கருத்துரு எந்த மேஜையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறேன். உங்கள் ஊர் மருத்துவமனைக்கும் நீங்கள் போடலாம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். மொத்தம் எத்தனை பேர் என்று மட்டும் கேட்காதீர்கள், அந்த 100 என்ற எண்ணைத் தந்துவிடுவார்கள். அனுமதிக்கப்பட்ட கடைநிலைப் பணியிடங்கள் எத்தனை, அதில் காலி எத்தனை, ஒப்பந்தப்படி நிறுவனம் தர வேண்டிய ஆட்கள் ஷிஃப்டுவாரியாக எத்தனை என்று கேளுங்கள். கூடவே, நீங்கள் குறிப்பிடும் ஒரு ராத்திரியின் வருகைப் பதிவேட்டு நகலையும் கேளுங்கள். உங்கள் வீட்டார் யாராவது அங்கே படுத்திருந்த ராத்திரி என்றால் தேதி உங்களுக்கே நினைவிருக்கும்.